முடிச்சும் முள்ளும்: இத்தாலியில் ஒரு தவக்காலப் பயணம்

ஞாயிறு, ரோம்

கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கசை நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. பிடியோடு சேர்த்து ஒரு முழம் இருக்கலாம். வெறும் கயிறுதான். மேல்பாதியை இறுக்கிச் சுற்றிக் கைப்பிடி ஆக்கியிருக்கிறார்கள். கீழ்ப்பாதி தனித்தனிப் பிரிகளாகத் தொங்குகிறது, பிரிகளில் முடிச்சுகள். கடையில் வாங்கிய பொருளாகத் தெரியவில்லை. இந்த மாதிரிக் கசைகளைத் துறவிகள் தங்கள் அறையில் உட்கார்ந்து தாங்களே முடிந்துகொள்வது வழக்கம். முடிச்சுகளைக் கிட்டே குனிந்து பார்த்தேன். அவசரப்பட்ட கை இல்லை அது. நிதானமாக, இழுத்து இழுத்து இறுக்கியிருக்கிறது.

இடம், வியா வெனெத்தோ தெருவில் உள்ள, கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினரின் அருங்காட்சியகம். ரோமின் பணக்காரத் தெரு இது. பெரிய ஓட்டல்களும் அமெரிக்கத் தூதரகமும் இருக்கிற வரிசையின் கீழ்க்கோடியில், பர்பெரீனி சதுக்கத்துக்குப் பக்கத்தில், 1626இல் தொடங்கிய கோயில். அப்போதைய திருத்தந்தை எட்டாம் உர்பானின் தம்பி கர்தினால் அந்தோனியோ பர்பெரீனி ஒரு கப்புச்சின் துறவி. அவருடைய கல்லறை கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பெயர் கிடையாது. ‘இங்கே கிடப்பது தூசி, சாம்பல், வேறொன்றுமில்லை’ என்று இலத்தீனில் ஒரு வரி, அவ்வளவுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே நிலவறைக்குப் போகிறார்கள். சுமார் 3,700 துறவிகளின் எலும்புகளைச் சுவரிலும் கூரையிலும் அலங்காரமாகப் பதித்த அறைகள் அங்கே உண்டு. அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் வந்தது இந்தப் பேழைகளுக்காக.

கசை எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல மடங்களில் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள். செபம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் அவரவர் இடத்தில் நின்று, 51ஆம் திருப்பாடலைச் சொல்லி முடிக்கும்வரை தம் முதுகில் தாமே அடித்துக்கொள்வார்கள். ‘கடவுளே! உமது பேரன்புக்கேற்ப எனக்கு இரங்கும்’ என்று தொடங்குகிற அந்தப் பாடல், தவக்காலம்தோறும் கேட்டு வளர்ந்த நமக்கு மனப்பாடம். நிதானமாகச் சொன்னால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பாடல்தான் கடிகாரம். பாட்டு நின்றால் கையும் நிற்க வேண்டும். விளக்கை அணைத்ததற்கும் காரணம் உண்டு: யார் எவ்வளவு ஓங்கி அடிக்கிறார் என்று அடுத்தவர் பார்க்கக் கூடாது. போட்டி வந்துவிட்டால் தவம் கெட்டுப்போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு பொருள் முள் ஒட்டியாணம். மெல்லிய கம்பியை வளைத்து வளைத்துக் கண்ணிகளாகக் கோத்து, ஒவ்வொரு கண்ணியின் வெட்டிய முனையையும் உட்பக்கம் திருப்பிவிட்டது. இடுப்பிலோ தொடையிலோ உடைக்குள் கட்டிக்கொள்வார்கள். இரத்தம் வரவைப்பது நோக்கமில்லை. உட்காரும்போதும் எழும்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும், அதுதான் வேலை. இதைவிடப் பழையது மயிர்ச்சட்டை. இன்றைய துருக்கியின் தென்கரையில் சிலிசியா என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஆட்டுமயிரில் நெய்த முரட்டுத்துணி கூடாரத்துக்கும் கப்பல் வேலைக்கும் போனது. அந்தத் துணியை வெற்றுடம்பில் போட்டுக்கொண்டால் நாள் முழுக்க அரிக்கும். பாலைவனத் துறவிகள் காலத்திலிருந்தே இது உண்டு.

இந்தப் பொருள்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்தான் கேட்கும். ஒன்று, அந்தக் காலத்துப் பைத்தியக்காரத்தனம் என்பது. மற்றது, புனிதர்கள் எப்படியெல்லாம் பாடுபட்டார்கள், நாம் ஒருசந்தி இருக்கவே முனகுகிறோம் என்பது. இரண்டும் எனக்குப் போதவில்லை. இவற்றைக் கட்டிக்கொண்டவர்கள் இருந்த இடங்களையும், கழற்றச் சொன்னவர்கள் இருந்த இடங்களையும் நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் இந்தத் தவக்காலத்தில் கிளம்பினேன்.

திங்கள், ரோம்

காலையில் இலாத்தரன் பேராலயத்துக்கு எதிரே உள்ள புனிதப் படிகள். பிலாத்துவின் மாளிகையில் இயேசு ஏறிய படிகளை அரசி ஹெலெனா கொண்டுவந்தார் என்பது மரபு. 28 பளிங்குப் படிகள், முழங்காலில் மட்டும்தான் ஏறலாம். தேய்ந்துபோகிறதே என்று 1723இல் மரப்பலகை போட்டு மூடினார்கள். 2019இல் பழுதுபார்த்தபோது சில வாரங்களுக்குப் பலகையை எடுத்துவிட்டுத் திறந்துவைத்தார்கள். அப்போது வெளிவந்த படங்களில் பளிங்கு குழிகுழியாகக் கிடந்தது. மக்களின் முழங்காலும் கால்நுனியும் பட்டுப் பட்டு உண்டான குழிகள்.

நானும் ஏறினேன். பத்தாவது படியிலேயே மூட்டு கெஞ்சியது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி ஒவ்வொரு படியிலும் நின்று முணுமுணுத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். வேளாங்கண்ணியில் பழைய மாதா கோயில்வரை மணலில் முழங்காலால் நடக்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அதே முகம். உடம்பைக் கொண்டு வேண்டுவது மடத்துக்குள் மட்டும் நடந்த விஷயமில்லை, முடிந்துபோன விஷயமும் இல்லை.

செவ்வாய், சுபியாகோ

பொன்தே மம்மோலோ மெட்ரோ நிலையத்திலிருந்து பேருந்து. அனியேனே ஆறு பக்கத்திலேயே வருகிறது. ஊரில் இறங்கி மலைப்பாதையில் நடந்தேன். வழியில் நீரோ மன்னன் கட்டிய மாளிகையின் இடிபாடு, அப்புறம் புனித ஸ்கொலாஸ்திக்கா மடம். 1465இல் இரண்டு ஜெர்மானியர்கள் இத்தாலியின் முதல் அச்சுப் புத்தகங்களில் ஒன்றை அடித்த இடம் இதுதான். இன்று அதற்கு நேரமில்லை. மேலே போனேன்.

‘புனிதக் குகை’ மடம் பாறையோடு ஒட்டிக் கட்டியது. எங்கே மலை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று தெரியாது. புனித பெனடிக்ட், நம் பெரியவர்கள் வழக்கில் ஆசீர்வாதப்பர், ரோமில் படிப்பை விட்டுவிட்டு வந்து இந்தக் குகையில் மூன்று ஆண்டு தனியாக இருந்தார். ரோமானுஸ் என்ற துறவி மேலே பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் ரொட்டி கட்டி இறக்குவார். கயிற்றில் ஒரு சின்ன மணியும் இருக்கும், சாப்பாடு வந்துவிட்டது என்று தெரிய. குகைக்குள் இப்போது அந்தோனியோ ராஜி செதுக்கிய வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது, 1657ஆம் ஆண்டினது. இளைஞனாக, சிலுவையைப் பார்த்தபடி இருக்கிறார்.

கீழே ஒரு சிறிய தோட்டம். நான் பார்க்க வந்தது அதைத்தான். முன்பு பார்த்த ஒரு பெண்ணின் நினைவு பெனடிக்டை விடாமல் வாட்டி, குகையை விட்டே போய்விடலாம் என்கிற அளவுக்கு வந்தபோது, அவர் உடையைக் கழற்றி எறிந்துவிட்டு முட்புதரிலும் காஞ்சொறியிலும் விழுந்து புரண்டார். 593 வாக்கில் திருத்தந்தை பெரிய கிரகோரி எழுதிவைத்த கதை. பின்னர் 13ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த, பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கிய அசிசி பிரான்சிஸ் அந்த முட்களை ரோஜாவாக மாற்றினார் என்பது மடத்து மரபு. இது மார்ச் மாதம். பூ ஒன்றும் இல்லை. கவாத்து செய்த தண்டும் முள்ளும் மட்டும். ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தேன். முட்கள் குட்டையாக, அடியில் அகலமாக, கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. உள்ளே போனால் வெளியே எடுக்கும்போதுதான் அதிகம் கிழிக்கும்.

இந்த முட்புதர்க் கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதே கிரகோரி சொன்ன இன்னொரு கதையை ஏனோ விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிது. மார்சிக்கோ மலையில் மார்ட்டின் என்றொரு தனித்துறவி இருந்தார். ஒரு சங்கிலியின் ஒரு முனையைத் தன் காலிலும் மறுமுனையைப் பாறையிலும் பூட்டிக்கொண்டார். அந்தச் சங்கிலி எட்டும் தூரம்தான் அவருடைய உலகம். கேள்விப்பட்ட பெனடிக்ட் ஆள் அனுப்பினார்: ‘நீ கடவுளின் ஊழியன் என்றால் உன்னை இரும்புச் சங்கிலி கட்டிவைக்க வேண்டாம், கிறிஸ்துவின் சங்கிலி கட்டிவைக்கட்டும்.’ மார்ட்டின் உடனே கழற்றிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் அந்தச் சங்கிலி எட்டிய எல்லையைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லையாம்.

முள்ளில் புரண்டவர்தான் இதைச் சொல்கிறார். தன் உடம்பை ஒரு நாள், ஒரு பெரிய அவசரத்தில், முள்ளில் போட்டவர் அதைப் பிறருக்கு வழக்கமாக்கவில்லை. பின்னால் மடம் நிறுவிய மாண்டே காசினோவில் அவர் எழுதிய ஒழுங்கு நூலில் ஒவ்வொரு துறவிக்கும் நாளைக்கு ஓர் அளவு திராட்சை ரசம் உண்டு, நோயாளிக்கு இறைச்சி உண்டு, குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதல் துணி உண்டு. சொல்லியும் திருந்தாதவர்களுக்குப் பிரம்படியும் உண்டு. ஆனால் அது தண்டனை. தனக்குத்தானே கசையடி என்று எங்கும் அவர் எழுதவில்லை.

கிளம்பும் முன் கிரகோரியார் சிற்றாலயத்தில் உள்ள பிரான்சிஸின் ஓவியத்தைப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை, கையில் இயேசுவின் ஆணிக்காய அடையாளமும் இல்லை. ‘சகோதரர் பிரான்சிஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவரை முன்மாதிரியாக வைத்தே வரைந்திருக்கலாம் என்கிறார்கள். ஒல்லியான முகம். நாளை அவர் ஊருக்குப் போகிறேன்.

புதன், அசிசி

ரயில் நிலையம் கீழே சமவெளியில், ஊர் மேலே மலைச்சரிவில். பேருந்தில் ஏறிப் பையை வைத்துவிட்டு முதலில் புனித கிளாரா பேராலயத்துக்குப் போனேன். பிரான்சிஸைப் பின்பற்றித் துறவறம் பூண்டு, பெண்களுக்கான சபையைத் தொடங்கியவர் கிளாரா. நிலவறையில் அவருடைய உடல். அங்கேயே கண்ணாடிக்குப் பின்னால் துணிகள்: கிளாராவின் உடை, பிரான்சிஸின் ஒட்டுப்போட்ட அங்கி, கிளாரா தன் கையால் தைத்த வெள்ளை அங்கி, அவருடைய வெட்டிய கூந்தல். பிரான்சிஸின் அங்கியைப் பார்த்தால் எது முதல் துணி, எது ஒட்டு என்று சொல்ல முடியாது.

பிறகு ஒலிவத் தோப்பு வழியே இறங்கி சான் தமியானோ. கிளாரா 1253 ஆகஸ்ட் 11 அன்று இறக்கும்வரை சுமார் 40 ஆண்டுகள் இந்தச் சின்ன மடத்தை விட்டு வெளியே போகவில்லை. அதில் கடைசி 28 ஆண்டு பெரும்பாலும் நோய்ப் படுக்கை. மாடியில் சகோதரிகள் படுத்த நீண்ட அறை. அவர் இறந்த மூலையில் பூ வைத்திருக்கிறார்கள். கூரை தாழ்வு, சன்னல் சிறிது. குளிர்காலத்தில் இந்தக் கல்தரை எப்படி இருந்திருக்கும் என்று செருப்பைக் கழற்றி நின்று பார்த்தேன். மார்ச்சிலேயே கால் விறைத்துவிட்டது.

கிளாரா இறந்த அதே ஆண்டு நவம்பரில், புனிதர் பட்டத்துக்கான விசாரணை இதே மடத்தில் நடந்தது. உடன் வாழ்ந்த சகோதரிகள் ஒவ்வொருவராக உறுதிமொழி கொடுத்துச் சொன்னவை எழுத்தில் இருக்கின்றன. அதனால்தான் கிளாராவின் ஒறுத்தல் பொருள்களைப் பற்றி நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. அவரிடம் இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்று பன்றித்தோல். மயிரைக் கட்டையாக வெட்டி, அந்த வெட்டிய பக்கம் தோலில் படும்படி உடைக்குள் அணிவார். கட்டையாக வெட்டினால் மயிர் வளையாது, நேராகக் குத்தும். மற்றது குதிரைமயிரைக் கயிறாகத் திரித்து முடிச்சு முடிச்சாகப் போட்டது. இரண்டையும் யாருக்கும் தெரியாமல்தான் போட்டுக்கொண்டார். தெரிந்தால் சகோதரிகள் திட்டுவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது.

ஆக்னஸ் என்ற இளம் சகோதரி அந்தக் குதிரைமயிர்ச் சட்டையை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். மூன்று நாள். அதற்குமேல் தாங்கவே முடியவில்லை என்று அவரே விசாரணையில் சொல்லியிருக்கிறார். கிளாரா கட்டாயப்படுத்தவில்லை. தன்னால் முடிந்ததைப் பிறர்மேல் சுமத்தாதவர் என்று சகோதரிகள் சாட்சி சொல்கிறார்கள். இரவில் எழுந்து தூங்குகிறவர்களுக்குப் போர்த்திவிடுவாராம்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் கடுமை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கிளாரா ஒன்றுமே சாப்பிட மாட்டார். உடம்பு மோசமாகிப் போகவே பிரான்சிஸும் அசிசி ஆயரும் சேர்ந்து கட்டளை போட்டார்கள்: அந்த நாள்களில் ஒன்றரை அவுன்ஸ் ரொட்டியாவது சாப்பிட வேண்டும். படுக்கைக்குத் திராட்சைக் கொடிச் சுள்ளிகளைப் பரப்பி வைத்திருந்தார். வைக்கோல் மெத்தையில் படு என்று சொன்னதும் பிரான்சிஸ்தான்.

இனி நான் இந்தப் பயணத்தில் எதற்காக வந்தேனோ அந்த வரி. பிராகு நகரில் பொகீமிய மன்னர் மகள் ஆக்னஸ், பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்கைத் திருமணம் செய்ய மறுத்து, மடம் கட்டி அதில் துறவியானவர். கிளாராவை நேரில் பார்த்ததில்லை, கடிதம்தான். உபவாசத்தில் எல்லை மீறிப் போகிறார் என்று கேள்விப்பட்டு 1238 வாக்கில் கிளாரா எழுதினார்: நம் தசை வெண்கலம் அல்ல, நம் வலிமை கல்லின் வலிமையும் அல்ல. நாம் பலவீனமானவர்கள், ஆகவே நீ கைக்கொண்டிருக்கும் அளவுமீறிய கடுமையை அறிவோடும் நிதானத்தோடும் விட்டுவிடு என்று கெஞ்சுகிறார்.

இதை எழுதும்போது கிளாரா படுத்த படுக்கையாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. யோபு நூலின் வரியை எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறார். ஆனால் இது வேதவசனம் தெரிந்தவர் எழுதிய வரி மட்டும் இல்லை. பன்றித்தோல் குத்திய உடம்பிலிருந்து, பட்டினியால் தேய்ந்த உடம்பிலிருந்து வந்தது. தன் அனுபவத்தைச் சொல்லி, நீ இப்படிச் செய்யாதே என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்கிற வார்த்தையாகத்தான் நான் படிக்கிறேன். சான் தமியானோவின் முற்றத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை முழுதும் மறுபடி படித்தேன். எழுந்து போக மனம் வரவில்லை.

வியாழன், அசிசி

காலையில் கார்ச்செரி துறவகம். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர், முழுதும் ஏற்றம். சுபாசியோ மலையின் கருவாலி மரக்காட்டுக்குள் பாறைப் பிளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன மடம். உள்ளே கதவுகள் மிகக் குறுகல், பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். பிரான்சிஸ் படுத்த இடம் என்று காட்டுவது வெறும் பாறை. கல்லில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். தலையணைக்கு மரக்கட்டை. பின்னால் வந்த இளைஞர் கூட்டம் அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தது, அந்த அறையில் எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

மதியம் இறங்கிச் சமவெளியில் உள்ள சம்மனசுகளின் மாதா பேராலயம். பிரம்மாண்டமான கோயிலுக்கு நடுவில் போர்சியுங்குலா என்ற சின்னஞ்சிறு கற்கோயில், பிரான்சிஸ் தன் கையால் பழுதுபார்த்தது. பக்கத்திலேயே அவர் 1226 அக்டோபர் 3 மாலையில் இறந்த அறை. அங்கே அவருடைய இடுப்புக்கயிறு கண்ணாடிக்குள் இருக்கிறது. சாதாரணக் கயிறு. பிரான்சிஸ்கன் சபையினர் இன்றும் கட்டும் கயிற்றில் மூன்று முடிச்சு உண்டு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். வெளியே இங்கும் ஒரு ரோஜாத் தோட்டம், பிரான்சிஸ் முள்ளில் புரண்ட கதையோடு. இங்கே வளரும் செடியில் முள் கிடையாது என்கிறார்கள்.

இந்தச் சமவெளியில்தான் அந்த ‘பாய்களின் பேரவை’ நடந்தது. ஆயிரக்கணக்கான சகோதரர்கள் கோரைப்பாய்க் குடிசை போட்டுத் தங்கிய கூட்டம். பலர் உடைக்குள் இரும்பு அணிந்திருக்கிறார்கள், அதனால் நோய்ப்படுகிறார்கள், சிலர் இறந்தும் போகிறார்கள் என்று பிரான்சிஸின் காதுக்கு வந்தது. கீழ்ப்படிதலின் பேரில் எல்லாரும் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வையுங்கள் என்றார். மார்பில் கட்டும் இரும்புகள் மட்டும் 500, கைக்கும் வயிற்றுக்கும் போட்ட இரும்பு வளையங்கள் அதைவிட மிக அதிகம் என்று 14ஆம் நூற்றாண்டுத் தொகுப்பொன்று சொல்கிறது. பெரிய குவியலாகிவிட்டது. அதை அங்கேயே வெளியில் போட்டுவிட்டுப் போனார்கள். எண்ணிக்கையைக் கதை சொன்னவர் கூட்டியிருக்கலாம். சம்பவம் நடந்திருக்கும் என்றே நம்புகிறேன், ஏனென்றால் பிரான்சிஸின் மற்ற செயல்களும் இதே பக்கம்தான் இருக்கின்றன. தோலை ஒட்டி அங்கியைத் தவிர வேறொன்றும் அணியக் கூடாது என்று அவர் கட்டளையிட்டதைப் பழைய பதிவுகள் சொல்கின்றன. ஒரு நாள் நள்ளிரவில் ஒரு சகோதரர் ‘சாகிறேன், சாகிறேன்’ என்று அலறினார். பசி. பிரான்சிஸ் விளக்கேற்றச் சொல்லி, இருந்ததை எடுத்துவைத்து, அவர் தனியாகச் சாப்பிட்டால் கூச்சப்படுவார் என்று தானும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தனக்கு மட்டும் அவர் இந்த இரக்கத்தைக் காட்டவில்லை. உடம்பை ‘சகோதரக் கழுதை’ என்று அழைத்து அடித்து ஓட்டினார். கடைசிக் காலத்தில், கண்ணும் வயிறும் கெட்டுப்போன பிறகுதான், இந்தச் சகோதரனுக்கு நிறையக் குற்றம் செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 45கூட ஆகவில்லை.

வெள்ளி, பெரூஜா

ஒருசந்தி நாள். பெரூஜா மேட்டில் ஏற எஸ்கலேட்டர் இருப்பது பெரிய உதவி.

1260இல் இங்கே ரானியெரோ ஃபசானி என்ற தவசியின் பேச்சைக் கேட்டு ஊரே கசையைக் கையில் எடுத்தது. மடத்து இருட்டறையில் இருந்த பொருள் முதன்முறையாகத் தெருவுக்கு வந்தது. வணிகர், கைவினைஞர், சிறுவர் எல்லாரும் ஊர்வலமாகப் போனார்கள். பாடிக்கொண்டே தங்கள் முதுகில் அடித்துக்கொண்டார்கள். பகையாளிகள் சமாதானம் ஆனார்கள். ஊர் ஊராகப் பரவி ஆல்ப்ஸ் மலையையும் தாண்டியது. அடுத்த ஆண்டே திருத்தந்தை தடைசெய்தார். கொள்ளைநோய்க் காலத்தில் மறுபடி கிளம்பி ஜெர்மனியில் வெறியாட்டம் ஆனது, யூதர்கள் மீது தாக்குதலும் சேர்ந்துகொண்டது. 1349 அக்டோபரில் ஆறாம் கிளமெண்ட் மறுபடி தடை போட்டார்.

விளக்கு அணைத்த அறையிலிருந்து இது வெளியே வந்ததும் என்ன ஆயிற்று என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பெரூஜாவில் மிஞ்சியது நல்ல வடிவில் மிஞ்சியது. பொதுமக்களின் பக்திசபைகள் நான்கு சுவருக்குள் கூடினார்கள், தங்கள் பேச்சுமொழியிலேயே பாடல் கட்டிப் பாடினார்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய வெள்ளை அங்கியைப் பழைய ஓவியங்களில் பார்க்கலாம். முகத்தை மூடும் முக்காடு, முதுகில் மட்டும் வட்டமாகத் துணி வெட்டி விட்டிருக்கும்.

சனி, ஃபோந்தே அவெல்லானா

இங்கே வர ரயில் கிடையாது. குப்பியோவிலிருந்து கார் பிடித்து மலைகளைச் சுற்றி வந்தேன். கத்ரியா மலையின் உச்சியில் இன்னும் பனி. அதன் அடியில், காட்டு மடிப்புக்குள், வெளிர்கல்லில் கட்டிய பெரிய மடம். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் தனித்துறவிகளின் குடில்களாகத் தொடங்கியது. இன்று கமல்தோலி சபையினர் இருக்கிறார்கள்.

தனக்குத்தானே கசையடி என்பதை மடத்து ஒழுங்காக ஆக்கியதில் இந்த இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1043இல் இங்கே தலைவரானவர் பீட்டர் தமியான். ராவென்னாவில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரை இழந்து, ஓர் அண்ணன் வீட்டில் பன்றி மேய்த்தவர். இன்னொரு அண்ணன் எடுத்துப் படிக்கவைத்தார். பின்னால் கர்தினால், திருச்சபையின் மறைவல்லுநர். கசையைப் புகழ்ந்தே ஒரு நூல் எழுதியிருக்கிறார். மாண்டே காசினோ துறவிகள் வெள்ளிதோறும் கசையடித்துக்கொள்வதை ஸ்டீபன் என்ற கர்தினால் வெட்கக்கேடு என்று கண்டித்து நிறுத்திவைக்க, அதற்கு மறுப்பாக எழுதியது. ஃபிளாரன்ஸ் துறவி ஒருவரும் எதிர்த்தார். ஆக, இது கூடாது என்று சொன்னவர்கள் நம் காலத்தில்தான் பிறந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அது தொடங்கிய 11ஆம் நூற்றாண்டிலேயே சண்டை இருந்தது.

அதே பீட்டர் தமியான் இந்த மடத்தில் இன்னொன்றையும் ஒழுங்காக்கினார்: மதியத் தூக்கம். நள்ளிரவில் எழுந்து செபிக்கிற துறவிகளின் களைப்புத் தீரப் பகலில் படுக்கச் சொன்னார். கசையடியில் சிலர் வரம்பு மீறிப் போனபோது அதற்கும் அளவு வைத்தார். இதைப் படித்த பிறகுதான் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் நெருக்கம் வந்தது.

அந்தக் கசையடியின் கணக்கைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாவத்துக்கும் இத்தனை ஆண்டு தவம் என்று பட்டியல் இருந்தது. ரொட்டியும் தண்ணீரும் மட்டும் உண்டு வாழும் ஆண்டுகள். பல பாவங்கள் சேர்ந்தால் ஓர் ஆயுள் போதாது. ஆகவே மாற்று ஏற்பாடு வந்தது: 3,000 அடி ஓர் ஆண்டுத் தவத்துக்குச் சமம். பத்துத் திருப்பாடல் சொல்லி முடிப்பதற்குள் 1,000 அடி. 150 பாடலும் முடிந்தால் 15,000 அடி, ஐந்து ஆண்டுத் தவம் கழிந்தது.

இந்தக் கணக்கை யாரும் நினைக்காத அளவுக்குக் கொண்டுபோனவர் இங்கேயே வாழ்ந்த தோமினிக். வெற்றுடம்பில் இரும்புக் கண்ணிக் கவசம் போட்டிருந்ததால் கவச தோமினிக் என்றே பெயர். அடித்துக்கொள்ளும்போது மட்டும்தான் கவசத்தைக் கழற்றுவார். இரண்டு கையாலும் அடிப்பார். ஆறு நாளில் திருப்பாடல் நூலை 20 முறை சொல்லி, மூன்று லட்சம் அடி, நூறு ஆண்டுத் தவத்தை முடிப்பார் என்று பீட்டர் தமியான் எழுதுகிறார். 1060இல் இறந்தார்.

இந்தப் பழக்கம் மடங்களில் ஒன்பது நூற்றாண்டு நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பெரும்பாலான சபைகள் விட்டுவிட்டன. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் தவம் பற்றி வெளியிட்ட சட்டம் செபம், உண்ணாநோன்பு, பிறரன்புச் செயல் ஆகியவற்றையே முன்வைத்தது. முழுதும் மறையவில்லை. ஒப்புஸ் தேயி என்ற கத்தோலிக்க அமைப்பில் மணம் துறந்து வாழும் உறுப்பினர்கள் பலர் இன்றும் பெரும்பாலான நாள்களில் இரண்டு மணி நேரம் தொடையில் முள்வளையம் கட்டுகிறார்கள். இரண்டாம் ஜான் பால் பெல்ட்டால் தன்னை அடித்துக்கொள்வார் என்று அவருடைய புனிதர் பட்ட முயற்சிக்குப் பொறுப்பாக இருந்த அருள்பணியாளர் 2010இல் சொன்னார்.

மடத்தின் முற்றத்தில் நடந்தபடி எனக்கு நினைவெல்லாம் தோமினிக்தான். அவர் ஏன் இதைச் செய்தார் என்பது மூன்று லட்சம் என்ற எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. அவரைக் குருவாக்குவதற்காக அவருடைய பெற்றோர் ஆயருக்குப் பதனிட்ட ஆட்டுத்தோல் ஒன்றை லஞ்சமாகக் கொடுத்தார்கள். பின்னால் அது அவருக்குத் தெரியவந்தது. அன்றிலிருந்து சாகும்வரை ஒரு நாளும் அவர் திருப்பலி நிறைவேற்றவில்லை. தவத்துக்குப் போய்விட்டார். கொடுத்தது பெற்றோர், வாங்கியது ஆயர். செய்த குற்றத்தில் பையனுக்குப் பங்கே இல்லை. திருச்சபைப் பதவிகள் விலைக்குப் போன காலம் அது. அந்த ஊழலை எதிர்த்து வாழ்நாள் முழுதும் எழுதியவர்களில் முதல் வரிசை பீட்டர் தமியான். தோமினிக்கின் உடம்பில் அந்தக் காலத்து ஊழல் முழுவதற்குமான தண்டனை நிறைவேறுவதை அவர் பார்த்திருக்க வேண்டும். அந்த வியப்பு அவர் எழுத்தில் வரிக்கு வரி இருக்கிறது.

எனக்கு இதில் ஒரு வருத்தம் தீரவில்லை. மார்ட்டினுக்குப் பெனடிக்ட் சொல்லியனுப்பினார். பிராகு ஆக்னஸுக்குக் கிளாரா எழுதினார். கிளாராவுக்கே பிரான்சிஸ் இருந்தார். தோமினிக்கின் கவசத்தைக் கழற்றச் சொல்லும் அதிகாரம் இந்த மடத்தில் ஒருவருக்கு இருந்தது. மற்றவர்களுக்கு அளவு வைக்கத் தெரிந்தவர், மதியம் படுங்கள் என்று சொன்னவர். தோமினிக்கிடம் அவர் அதைச் சொல்லவில்லை. வரலாறு எழுதினார்.